சுவரில் பூசணம் பூத்தால்: யாரைக் கூப்பிடுவது, எப்போது, என்ன கேட்பது

கார்த்திகை மாதக் கடைசி. பாளையங்கோட்டையில் நாங்கள் புதிதாகக் குடிவந்திருந்த வீட்டில் மேற்கு அறை பீரோவை நகர்த்த வேண்டியிருந்தது. நகர்த்தினால், பின்னால் சுவர் முழுக்கக் கரும்பச்சையாகப் பூசணம். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பட்டுச்சேலையிலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். அந்த வாரமே ஒரு பெயிண்டரைக் கூப்பிட்டோம். சுரண்டினார், புட்டி தடவினார், இரண்டு கோட் அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். மாசியில் சுவர் பளபளவென்று இருந்தது. அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில், முன்பைவிட ஒரு முழம் அகலமாக மறுபடியும் வந்துவிட்டது.

இரண்டாவது முறை ஒரு வயதான கொத்தனார் வந்தார். சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தண்ணி எங்கருந்து வருதுன்னு பாத்தியளா?" என்று கேட்டார். "இல்லையே அண்ணாச்சி" என்றேன். "அப்பம் வாங்க, மாடிக்குப் போவோம்" என்றார். மாடியில் மழைநீர் இறங்கும் குழாயின் வாயை வேப்பஞ்சருகு அடைத்திருந்தது. பக்கத்தில் தண்ணீர் தேங்கிய தடம். கைப்பிடிச்சுவரும் தளமும் சேருகிற மூலையில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். நேர் கீழே எங்கள் பீரோ.

முதல் தடவை நாங்கள் செலவழித்த பணம் வீணானதற்குக் காரணம் பெயிண்ட் அல்ல. அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. திருநெல்வேலிப் பக்கம் புதிதாக வீடு வாங்கியவர்களும் வாடகைக்கு வந்தவர்களும் அதே தப்பைச் செய்யாமல் இருக்க, நாங்கள் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், அது பூசணம்தானா?

நம் பக்கத்துச் சுவர்களில் மூன்று வேறு விஷயங்களை எல்லோரும் பொதுவாக "ஓதம்" என்று சொல்லிவிடுகிறோம். ஒன்று, உப்புப் பூப்பது. வெள்ளைப் பொடியாக, விரலால் தேய்த்தால் நறநறவென்று உதிரும். தண்ணீர் தெளித்தால் கரைந்து மறைந்து, காய்ந்ததும் மறுபடி தெரியும். செங்கல்லிலும் காரையிலும் உள்ள உப்பைச் சுவருக்குள் ஏறும் நீர் வெளியே கொண்டுவந்து விடுகிறது. அது உயிருள்ள பொருள் இல்லை. இரண்டாவது, பெயிண்ட் பொருமுவது. அமுக்கினால் உள்ளே காற்றோ நீரோ இருக்கும். மூன்றாவதுதான் பூசணம். கறுப்பு, பச்சை, சாம்பல் நிறங்களில் புள்ளி புள்ளியாகத் தொடங்கி வட்டமாகப் பரவும். தொட்டால் மையைப்போல இழுபடும். பூட்டிய அறையைத் திறந்ததும் பழைய கோணிச் சாக்கு வாடை வரும்.

மூன்றுக்கும் தாய் ஒன்றுதான், நீர். ஆனால் உப்புப் பூத்த சுவருக்குப் பூசணக்கொல்லி அடித்துப் பயனில்லை. ஆளைக் கூப்பிடுமுன் எது என்று தெரிந்துகொள்வது பணத்தை மிச்சப்படுத்தும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எந்த வகைப் பூசணம் என்று ஆய்வகத்துக்கு அனுப்பிக் கண்டுபிடிக்கச் சொல்லி யாராவது பணம் கேட்டால், சாதாரண வீட்டுக்கு அது தேவையில்லை. எந்த நிறமாக இருந்தாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: நீரை நிறுத்துவது, பூசணத்தை அகற்றுவது, உலர்த்துவது.

நீர் வரும் வழியைத் தேடுவது

இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். ஒரு பென்சில், ஒரு டார்ச், போன் கேமரா போதும்.

பூசணம் இருக்கும் இடத்தின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்துக் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். மழை பெய்த மறுநாள் தாண்டினால் மழைநீர். மழையே இல்லாமல் தாண்டினால் குழாய், குளியலறை, அல்லது தரையிலிருந்து ஏறும் ஓதம். இந்த ஒரு கோடு பின்னால் வேலைக்காரரிடம் பேசும்போது பெரிய துணை.

உயரத்தையும் பாருங்கள். தளத்தை ஒட்டி மேல் மூலையில் இருந்தால் மொட்டைமாடி ஒழுக்கு. ஜன்னலுக்கு மேலே என்றால் சன்ஷேடில் தண்ணீர் நிற்கிறது. தரையிலிருந்து இடுப்புயரம் வரை ஒரே மட்டமாக இருந்தால் அஸ்திவாரத்திலிருந்து ஏறுகிறது. குளியலறைக்கு மறுபக்கச் சுவர் என்றால் டைல்ஸ் இடுக்கு அல்லது உள்ளே ஓடும் குழாய். எல்லாக் குழாயையும் அடைத்துவிட்டு, ராத்திரி படுக்குமுன் மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்து, காலையில் யாரும் தண்ணீர் திறக்குமுன் மறுபடி பாருங்கள். எண் கூடியிருந்தால் எங்கோ கசிகிறது. மீட்டர் இல்லாத வீட்டில் மேல்தொட்டியின் நீர்மட்டத்தை அதேபோல் அளக்கலாம்.

இவை எதுவும் இல்லை, ஆனால் பீரோவுக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் மட்டும் பூசணம் என்றால், அது பெரும்பாலும் அறைக்குள் இருக்கும் ஈரக்காற்றின் வேலை. சந்தேகம் இருந்தால், சமையலறை அலுமினியத் தாளில் ஒரு முழ அளவு வெட்டிச் சுவரில் நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்து, அறையைப் பார்த்த பக்கத்தில் துளிகள் இருந்தால் காற்றிலிருந்து வந்த ஈரம். சுவரைப் பார்த்த பக்கத்தில் இருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

டவுன் பக்கத்துப் பழைய வளவு வீடுகளில், அதாவது ஒரே வளாகத்துக்குள் வரிசையாகக் கட்டிய வீடுகளில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்தச் சுவர்கள் சுண்ணாம்புக் காரையில் கட்டியவை. ஈரத்தை வாங்கி, மெல்ல வெளியே விடும் குணம் உள்ளவை. "உறுதியாக இருக்கட்டும்" என்று அவற்றின்மேல் சிமென்ட் பூச்சுப் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் போன்ற எமல்ஷன் அடித்தால் வெளியேற வழியில்லாத நீர் இன்னும் மேலே ஏறும். இடுப்புவரை இருந்த ஓதம் தோள்வரை வந்துவிட்டது என்று சொல்கிற பல வீடுகளில் நடந்தது இதுதான். பழைய சுவரைத் திருத்தச் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆளைத் தேடுங்கள். அடுக்களையில் பாத்திரம் கழுவும் அங்கணக்குழியின் ஓரத்தையும் மறக்காமல் பாருங்கள். வருஷக்கணக்கில் அங்கே கசிந்து, பக்கத்துச் சுவர் நனைந்திருக்கும்.

பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கும் வழக்கத்தில் எவ்வளவு யோசனை இருந்திருக்கிறது என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழை முடிந்து, மார்கழி வெயிலில் சுவர் உலர்ந்து, அதன்பிறகு நீர்த்த சுண்ணாம்பு. சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் எளிதில் பிடிக்காது. மழைக்காலம் முடிந்ததும் வருஷந்தோறும் செய்த வைத்தியம் அது.

நீங்களே செய்யக்கூடியது எது?

ஏறத்தாழ 10 சதுர அடிக்குள், அதாவது மூன்றடிக்கு மூன்றடி அளவுக்குள் பூசணம் இருந்தால் வீட்டிலேயே துடைக்கலாம். அதைவிடப் பெரிதென்றாலும், சாக்கடைத் தண்ணீரோ வெள்ளமோ பட்ட சுவர் என்றாலும் ஆளைக் கூப்பிடுங்கள். வீட்டில் இளைப்பு (ஆஸ்துமா) உள்ளவர்கள், கைக்குழந்தை, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள் இருந்தால் சின்ன இடமாக இருந்தாலும் அவர்களை அந்த அறைப் பக்கமே விடக்கூடாது. அவர்களே துடைக்கவும் கூடாது. செத்த பூசணத்தின் தூசியும் இளைப்பைத் தூண்டும். அதனால்தான் கொன்றால் மட்டும் போதாது, துடைத்து எடுக்க வேண்டும் என்கிறேன்.

என்95 முகக்கவசம், ரப்பர் கையுறை, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், உள் அறைக் கதவைச் சாத்துங்கள், வெளி ஜன்னலைத் திறந்து வையுங்கள். காய்ந்த பூசணத்தை விளக்குமாற்றால் தட்டுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தப்பு. வித்துகள் வீடெங்கும் பறக்கும். முதலில் சோப்புத் தண்ணீரை லேசாகத் தெளித்து நனைத்து, பிறகு துணியால் வழித்தெடுங்கள். துணியை அலசித் திரும்பப் பயன்படுத்தாமல் பையில் கட்டி எறிந்துவிடுங்கள். பிறகு அன்றைக்கே சுவர் காயும்படி விசிறியைப் போட்டு வையுங்கள்.

டைல்ஸ், கண்ணாடி போன்ற வழவழப்பான பரப்புக்கு பிளீச் பயன்படும். 4 லிட்டர் தண்ணீருக்கு 1 கப்புக்கு மேல் வேண்டாம். காரைச் சுவருக்குள் அது இறங்காது. மேல் நிறம் வெளுத்து, போய்விட்டது போலத் தோன்றும், அவ்வளவுதான். இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்: பிளீச்சோடு கழிப்பறை ஆசிட்டையோ அம்மோனியா கலந்த திரவத்தையோ ஒருபோதும் சேர்க்கக் கூடாது. கிளம்பும் விஷவாயு மூச்சுக்குழலைப் புண்ணாக்கும். சின்னக் குளியலறையில் உயிரே போகலாம்.

இலவம்பஞ்சு மெத்தை, தலையணை ஆகியவற்றில் உள்ளே பூசணம் இறங்கிவிட்டால் மனசைத் தேற்றிக்கொண்டு தூக்கிப் போட்டுவிடுங்கள். பத்தமடைப் பாயில் மேலாகப் பிடித்திருந்தால், வெளியில் வைத்து ஈரத் துணியால் துடைத்து நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் போட்டால் மீட்கலாம். கோரைக்குள் இறங்கிக் கறுத்துவிட்டால் முடியாது. பட்டுச்சேலையை வீட்டில் தேய்க்காதீர்கள், சலவைக்காரரிடம் பூசணம் என்று சொல்லியே கொடுங்கள்.

எந்த வேலைக்கு எந்த ஆள்?

இங்கே "பூசணம் எடுப்பவர்" என்று தனியாக ஒரு தொழில் கிடையாது. வாட்டர்ப்ரூஃபிங் காண்டிராக்டர், கொத்தனார், பிளம்பர், பெயிண்டர், பூச்சி மருந்து அடிப்பவர், வீடு சுத்தம் செய்துதரும் நிறுவனம் என்று ஆறு வகை ஆட்கள் உங்களிடம் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார்கள். ஒவ்வொருவருக்கும் கைவசம் உள்ள மருந்தே உங்கள் நோய்க்கும் மருந்தாகத் தெரியும். அதனால்தான் நீர் வரும் வழியை நீங்கள் முதலில் ஓரளவு தெரிந்துகொள்ள வேண்டும். மாடி ஒழுக்கு என்றால் வாட்டர்ப்ரூஃபிங் செய்பவர். குளியலறை மறுபக்கம் என்றால் முதலில் பிளம்பர், அப்புறம் டைல்ஸ்காரர். தரை ஓதம் என்றால் அனுபவமுள்ள கொத்தனார். அறை ஈரக்காற்று மட்டும்தான் என்றால் பெயிண்டரே போதும். மருந்தை மட்டும் தெளித்துவிட்டுப் போகிறவர் எந்த வேலைக்கும் முழுத் தீர்வு இல்லை.

ஆளைத் தேட நான் நம்புகிற வழி ஒன்றுதான். உங்கள் தெருவில் இதே தொல்லை இருந்து சரிசெய்த வீட்டைக் கேளுங்கள். இரண்டு ஐப்பசியாவது தாண்டிய வேலையா என்று கேளுங்கள். போன மாதம் முடித்த வேலையை வைத்து யாரையும் எடைபோட முடியாது.

கூப்பிட்ட ஆள் வந்ததும் முதல் கால் மணி நேரம் நீங்கள் பேசாமல் கவனியுங்கள். மாடிக்கு ஏறுகிறாரா? சுவரின் மறுபக்கம் போய்ப் பார்க்கிறாரா? விரல் முட்டியால் தட்டிப் பொள்ளலாக இருக்கிறதா என்று கேட்கிறாரா? ஈரமானி கொண்டுவந்து பல இடங்களில் வைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. வாசலில் நின்றபடி போட்டோவைப் பார்த்து ஒரு தொகை சொல்கிறவரை, டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பிறகு நான் கேட்கிற கேள்விகள் இவை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள், எதை வைத்துச் சொல்கிறீர்கள்? பழைய பூச்சை எவ்வளவு உயரம் கொத்தி எடுப்பீர்கள்? கறை தெரிகிற இடத்தோடு நிறுத்தாமல், அதைத் தாண்டி ஓர் அடியாவது எடுக்க வேண்டும். சுவர் உலர எத்தனை நாள் விடுவீர்கள், உலர்ந்தது என்று எப்படித் தெரியும்? கொத்தும்போது மற்ற அறைக்குத் தூசி போகாமல் என்ன செய்வீர்கள்? என்னென்ன பொருள், எத்தனை கோட்? மறுபடி வந்தால் என்ன செய்வீர்கள், எத்தனை வருஷத்துக்கு?

மூன்றாவது கேள்விக்கு "நாளைக்கே அடிச்சிரலாம் சார்" என்று பதில் வந்தால் அந்த ஆள் வேண்டாம். ஈரச் சுவரில் அடிக்கிற பெயிண்ட் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் பொருமிவிடும்.

குறைந்தது இரண்டு பேரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். மொத்தத் தொகை மட்டும் எழுதிய தாள் உதவாது. எத்தனை சதுர அடி, கொத்துவது, பூசுவது, மருந்துப் பூச்சு, பெயிண்ட் என்று தனித்தனியாக இருக்க வேண்டும். சதுர அடியை நீங்களும் டேப்பை வைத்து அளந்து பாருங்கள். பணத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது நல்லது: பொருள் வாங்க ஒரு பங்கு, நீர்வழி அடைத்ததும் ஒரு பங்கு, கடைசிப் பங்கைச் சோதனை முடிந்த பின். பில் கட்டாயம் வாங்குங்கள். வேலை மோசமானால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம், அதற்குப் பில் நல்ல சான்று. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம்.

வாடகை வீடு என்றால் ஆளைக் கூப்பிடுமுன் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். வாயால் சொல்வதோடு, தேதியுள்ள போட்டோக்களை வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். "நீங்க துணியை உள்ள காயப்போட்டீங்க" என்ற பேச்சு வரும்போது, அந்தப் பென்சில் கோடும் அலுமினியத் தாள் சோதனையின் படமும் உங்களுக்காகப் பேசும்.

எந்த மாதத்தில்?

ஊரைப் பொறுத்து இது மாறும். திருநெல்வேலி, பாளையங்கோட்டை, நாங்குநேரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. தை பிறந்து சுவர் ஒரு மாதம் வெயில் வாங்கிய பின், மாசி முதல் ஆனி வரை நிதானமாக வேலை செய்யலாம். தென்காசி, குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் அப்படி இல்லை. ஆனியில் சாரல் தொடங்கிவிடும், ஆவணி வரை சுவர் காயாது, அப்புறம் ஐப்பசி மழை வேறு. அங்கே உள்ளவர்களுக்கு மாசி, பங்குனி, சித்திரை மட்டும்தான் கையில் இருக்கிறது. நல்ல ஆட்களுக்கு அந்த மாதங்களில் வேலை குவியும், அதனால் தையிலேயே பேசி வையுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரையேறியபோது நனைந்த வீடுகளின் கதை தனி. அப்படி வெள்ளம் புகுந்தால் வேலையின் வரிசை மாறும். முதலில் எலக்ட்ரீஷியன். நனைந்த சுவிட்ச் போர்டு இருக்கும் சுவரை அவர் பார்த்துச் சொல்லும்வரை மின்சாரம் போடக் கூடாது. அடுத்துச் சேற்றை அள்ளிக் கழுவுவது. நனைந்த பொருளில் ஓரிரு நாளிலேயே பூசணம் தொடங்கிவிடும், அதனால் மெத்தை, பலகை, புத்தகம் எதையும் வீட்டுக்குள் குவித்து வைக்காதீர்கள். ஆனால் பெயிண்டுக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். ஒன்பது அங்குலச் சுவர் உள்வரை ஊறினால் காய மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்களில் சுவர் அழகில்லாமல்தான் இருக்கும், இருக்கட்டும்.

வேலை நடக்கும்போதும் முடிந்தபின்னும்

கொத்தும் நாளில் அறையில் உள்ளதை வெளியே எடுத்து, கதவில் பிளாஸ்டிக் விரிப்பு கட்டச் சொல்லுங்கள். கொத்திய பூச்சைச் சாக்கில் கட்டியே வெளியே கொண்டுபோகட்டும். வேலை செய்பவர்களுக்கும் முகக்கவசம் கொடுங்கள். பலர் துண்டை மட்டும் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள், அந்தத் தூசி அவர்கள் நெஞ்சுக்குள்ளும்தான் போகிறது.

மாடி வேலை முடிந்து, போட்ட பூச்சு நன்றாகக் காய்ந்ததும், நீர் போகும் வாயை அடைத்துத் தண்ணீரைக் கட்டி நிறுத்தி, 24 முதல் 48 மணி நேரம் பாருங்கள். குளியலறைத் தரைக்கும் இதே சோதனை உண்டு. நல்ல காண்டிராக்டர் இதைத் தானாகவே செய்வார். கேட்டதும் முகம் சுளித்தால் கடைசிப் பங்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே ஈரக்காற்று குறையவும் வழி செய்ய வேண்டும். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அறைக்குள் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி. அடைமழை நாளில் வெளிக்காற்றே அதைவிட ஈரமாக இருக்கும், அப்போது ஜன்னலைத் திறந்து வைத்துப் பயனில்லை. மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கிற மதிய நேரத்தில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து விடுங்கள். சோறு பொங்கும்போது எக்ஸாஸ்ட் ஓடட்டும். ஒரு வாளித் துணியை உள்ளே கொடியில் போட்டால் லிட்டர் கணக்கில் நீர் அறைக்குள் ஏறும், வேறு வழியில்லை என்றால் ஓர் அறையில் மட்டும் போட்டு, கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து, விசிறியைப் போட்டு வையுங்கள். ஏசி உள்ளவர்கள் மழைக்காலத்தில் டிரை மோடில் ஓட்டலாம். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள்.

புரட்டாசிக் கடைசியில் ஒருமுறை மாடி ஏறி, நீர்வாயில் உள்ள சருகை அள்ளிவிடுங்கள். முதல் பெரிய மழை பெய்த மறுநாள் காலை டார்ச்சோடு பழைய இடத்தைப் பாருங்கள். சின்ன நிழல் தெரிந்தாலும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி, போட்டோ எடுத்து அன்றைக்கே வேலை செய்தவருக்கு அனுப்புங்கள். உத்தரவாதக் காலத்துக்குள் இருக்கும்போது அவர் வந்து பார்ப்பது எளிது, ஒரு விரிசலோடு முடிந்துவிடும்.